ஓடாத வண்டியின் சூடு

எஞ்சின் புகை போகும் மேனிஃபோல்டைச் சூடு பார்க்காமல் பிடித்துக் கையைச் சுட்டுக்கொண்டேன். முப்பது வருஷ மெக்கானிக்குக்கு இதுகூடத் தெரியாதா என்றால், தெரியும். கைக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.

ஆனால் அந்தப் பழைய காரில் பேட்டரியே இல்லை. சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. தேயிலை விலை விழுந்து குன்னூர் ஃபேக்டரியை மூடிய வருஷமே, அங்கே தேயிலைப் பக்குவம் பார்த்த டீமேக்கரும் இந்தக் காரின் சொந்தக்காரருமான வெள்ளியங்கிரியும் இறந்துபோனார்.

"காலையில வண்டிய யாருங்க எடுத்தது?"

அவர் மனைவி மருதாம்பாள் என் கையில் தண்ணீர் ஊற்றினார். "புகை கசியற கேஸ்கட்ட மாத்திட்டா சத்தம் நிக்குமுங்களா?"

"நிக்கும். ஓடாத வண்டிக்கு எதுக்குங்க கேஸ்கட்?"

"விடியக்காலம் தூக்கம் கெடுதுன்னு பக்கத்து ஊட்டுக்காரங்க வண்டிய விக்கச் சொல்றாங்க."

"ஓட்டறது யாருங்க?"

"அவருதாங்க. இன்னும் டூட்டிக்குப் போறாரு. வித்துட்டா, அந்த ஃபேக்டரி ஏத்தத்துல அவரு நடந்துதானுங்க போவோணும்."