வெள்ளிக்கிழமை வரை ஓடும் வண்டி

முதலில் கார் சத்தம்தான் வந்தது. லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்த செல்வராஜ், அதை வைத்தே ஆளைச் சொல்லிவிட்டான்.

"வாங்கம்மா ருக்ஸானா! பத்து வருஷ வண்டி, இன்னும் தையல் மிஷின் மாதிரி ஓடுது பாருங்க."

வெளியே ஊர்ந்து வந்தான். சிங்கப்பூர் டன்லப் ஸ்ட்ரீட்டில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் ருக்ஸானா, கார் சாவியை நீட்டினாள்.

"ஆயில் மாத்தணும்ணே. வழக்கமா ஊத்துற ஃபுல்லி சிந்தெடிக்."

"இதுக்கு வெள்ளிக்கிழமையோட சிஓஇ, பத்து வருஷப் பெர்மிட், முடியுதில்ல?"

"ஆமா. சனிக்கிழமை ஸ்கிராப்புக்குப் போகுது."

செல்வராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்புறம் எதுக்கும்மா ஆயில்? அதுவும் இருக்கிறதிலேயே ஒசத்தி! இடிக்கப்போற வீட்டுக்கு யாராச்சும் பெயின்ட் அடிப்பாங்களா? சும்மா ஓட்டுங்க லா."

"மாத்த வேண்டிய நேரம் வந்துடுச்சே..."

"வந்தா வரட்டும். மனசு கேக்கலைன்னா சாதா ஆயில் ஊத்துறேன். அதுவே வேஸ்ட்."

அவன் கைப்பேசி அடித்தது. உட்லண்ட்ஸ் வீட்டில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா உமாமகேஸ்வரி. கையெல்லாம் கிரீஸ். முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, அப்பா திரும்பவும் கேக்குறாருடா. பல் செட்டு ஈறைக் குத்துதாம். புதுசு கட்டினா தீபாவளிக்கு முறுக்குக் கடிக்கலாமேங்கிறாரு."

"ஒரு மாசம் போகட்டும்க்கா. இப்போதைக்குக் கஞ்சி குடு."

"பாவமா இருக்குடா."

"வீண் செலவுக்கா. ஏதாச்சும் சொல்லிச் சமாளி."

போனை அணைத்துவிட்டுத் திரும்பினான். ருக்ஸானா பானெட்டில் ஒட்டியிருந்த காய்ந்த இலையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன முடிவு பண்ணீங்க?"

"நல்ல ஆயிலே ஊத்துங்கண்ணே." கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னாள். "வெள்ளிக்கிழமைங்கிறது நமக்குத்தான் தெரியும். வண்டிக்குத் தெரியாதுல்ல? அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கு. எப்பவும் குடுக்கிறதை இப்ப நிறுத்தினா, நான் என்ன தப்பு பண்ணேன்னு அது நினைச்சுக்காதா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "பைத்தியம்னு நினைக்காதீங்க."

செல்வராஜ் சிரிக்கவில்லை.

காரை லிஃப்டில் ஏற்றினான். அடியில் நின்று நட்டைக் கழற்றினான். பழைய ஆயில் கறுப்பாக வடிந்தது. அது சொட்டுச் சொட்டாகி நிற்கும் வரை பார்த்துக்கொண்டே நின்றான். நட்டை இறுக்கி, வண்டியை இறக்கினான்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் போய் அக்காவைக் கூப்பிட்டான்.

"அக்கா, நாளைக்கே பல் டாக்டர்கிட்ட நேரம் வாங்கு. அப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன்."

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "என்னடா திடீர்னு? ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதை நீதானே என்கிட்ட சொன்னே, அப்பா ஒரு மாசம் தாங்கினாலே பெரிசுன்னு?"

"அது நமக்குத்தானேக்கா தெரியும். அப்பாவுக்குத் தெரியாதுல்ல."

போனைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, புனலைச் செருகி, புது ஆயில் கேனின் மூடியைத் திருகினான்.