நான் எழுதிய ஒரே பொய்

"ஒரு பொய் இருந்தாலும் நான் எழும்பிப் போயிடுவன் மகன். பிறகு இந்தப் படம் வேண்டாம்."

உம்மா சொன்னால் சொன்னதுதான். கமெராவுக்குப் பின்னால் கதிரையைப் போட்டு இருந்துவிட்டார்.

தொண்ணூறாம் ஆண்டு, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் ஆயுதமேந்திய இயக்கத்தார் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்ன பகல்தான் காட்சி. அன்றைக்கு நான் உம்மாவின் இடுப்பில் இருந்த கைக்குழந்தை. எனக்கு என்ன தெரியும்? உம்மா சொன்னதை அப்படியே திரைக்கதையாக எழுதினேன்.

எழுதிப் பார்த்தால் சப்பென்று கிடந்தது.

உண்மையாக நடந்தது தானாகவே காட்சியாகிவிடும் என்று சொல்கிறவர்கள் ஒரு பக்கம் எழுதிப் பார்க்கட்டும்! குடும்பம் வாசல் படலையைத் தாண்டிப் போகிறது, அவ்வளவுதான். எங்காவது ஒரு கால் தடக்க வேண்டாமா?

அதனால் ஒரு பொய் சேர்த்தேன். எல்லோரும் வீட்டுக்கு வெளியே ஒழுங்கைக்கு வந்தபிறகு, தாய் குழந்தையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் திரும்பி ஓடுகிறாள். கமெரா வெளியே நிற்கிறது. வெறுங்கையோடு வருகிறாள்.

உள்ளே என்ன செய்தாள் என்று எழுதவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு எழுத வரவில்லை. இயக்குநர் லியோன் அதைப் பெரிய கலை என்று நினைத்துக்கொண்டான். நானும் விட்டுவிட்டேன்.

தாயாக நடித்தவள் இணுவில் ஊர்ப் பிள்ளை பிரியந்தினி. குழந்தையைக் கொடுத்தாள். திரும்பினாள். ஓடினாள்.

பின்னால் கதிரை தரையில் அரக்கும் சத்தம். உம்மா எழும்பிவிட்டார்.

லியோன் 'கட்' சொன்னான். உம்மா நேரே என்னிடம் வந்தார்.

"இதை ஆர் உனக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை உம்மா. நானாத்தான் சேர்த்தனான்."

"உன்ரை வாப்பா மவுத்தாகிக் கண்மூடுமட்டும் அவரோடையே நான் இதைப்பற்றிக் கதைச்சதில்லை."

யா அல்லாஹ்! காட்சி நொண்டுகிறதே என்று மேசையில் இருந்து நான் முட்டுக்கொடுத்த பொய், இத்தனை வருடமாக உம்மாவுக்குள் உயிரோடு இருந்திருக்கிறது. இது என்ன தொழில், இதை எனக்குள் இருந்து யார் எழுதியது என்று பயமாகவே இருந்தது.

"உள்ளுக்கை போய் என்ன செய்தீங்கள் உம்மா?"

உம்மா பிரியந்தினியிடம் போய், அவள் கையைப் பிடித்து, காதுக்குள் ஏதோ சொன்னார். கனநேரம் சொன்னார்.

அடுத்த டேக்கில் பிரியந்தினி உள்ளே போய் வெளியே வந்தபோது லியோன் 'கட்' சொல்ல மறந்து நின்றான். அப்படி ஒரு முகத்தை என்னால் எந்தக் காலத்திலும் எழுத முடியாது. உம்மா கதிரையில் இருந்து அழுதுகொண்டிருந்தார்.

தேத்தண்ணிக்கு விட்ட இடைவேளையில் பிரியந்தினியை மறித்து, உம்மா காதுக்குள் என்ன சொன்னார் என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆருக்கு வேணுமெண்டாலும் சொல்லலாமாம் அண்ணை," என்றாள். "உங்களுக்கு மட்டும் வேண்டாமாம்."