ஐந்து காசில் ஒரு வெட்டு

நிதியமைச்சர் கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு நாணயங்களையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"ஒரு காசும் அஞ்சு காசும் ஒண்ணு போல இருக்கு. அஞ்சு காசு விளிம்புல ஒரு வெட்டு வேணும்."

நாணயம் அடிக்கும் கம்பெனியின் பிரதிநிதிக்குத் தலை சுற்றியது. கடல் தாண்டி மாதிரி கொண்டுவந்தவர் அவர். நாடு என்றுதான் பெயர். மொத்த ஜனத்தையும் ஒரே கப்பலில் ஏற்றிவிடலாம். அமைச்சரே கதவைத் திறந்து, அமைச்சரே காப்பி கலந்து கொடுத்த அலுவலகம் அது.

"கண்ணு தெரியாதவங்க எத்தனை பேரும்மா இங்க?"

"ஒருத்தர். துறைமுகத்துல கடை வச்சிருக்கார். காசு பிரிக்கத் தெரியலைன்னா கடையை மூட வேண்டியதுதான்."

ஒரே ஒரு ஆளுக்காக அச்சையே மாற்றுவதா? செலவைக் கேட்டால் வழிக்கு வந்துவிடுவார் என்று பிரதிநிதி தொகையைச் சொன்னார்.

அமைச்சர் அண்ணாந்து பார்த்தார். கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் அறை மூலையில் ஒரு வாளியில் விழுந்துகொண்டிருந்தது. கணக்கில் கூரை மாற்ற ஒதுக்கியிருந்த தொகையைக் கோடு போட்டு அடித்துவிட்டு, அதை அப்படியே நாணயத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கடைக்காரர் அமைச்சரின் கூடப்பிறந்த அண்ணனாக இருக்கும் என்று பிரதிநிதி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். சொந்தக்காரன் என்றால் கஜானா தானாகத் திறக்காதா என்ன.

அடுத்த மாதம் வெட்டு போட்ட மாதிரிகளோடு வந்தார். கடைக்காரரிடமே காட்டச் சொன்னார் அமைச்சர். தான் கேட்டதாக மட்டும் மூச்சு விடக்கூடாது என்றார்.

கடைப் பலகையில் ஒரு கைப்பிடி நாணயத்தைக் கொட்டினார் பிரதிநிதி. கடைக்காரரின் விரல்கள் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. ஒரு காசு இந்தப் பக்கம், ஐந்து காசு அந்தப் பக்கம். பார்த்துக்கொண்டிருந்தவருக்குத்தான் கை தட்டத் தோன்றியது.

கடைக்காரர் வெட்டை மறுபடி மறுபடி நிரடிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"உங்க கம்பெனியில யாரோ நல்லா யோசிச்சிருக்காங்க சார். எங்க அமைச்சரம்மாவுக்கு இந்த மூளையெல்லாம் வராது. போன தேர்தல்ல என்னை எதிர்த்து நின்னு நாலு ஓட்டுல தப்பிச்சாங்க. ஊரே சாமான் வாங்க இங்கதான் வரணும். இதே கல்லாவுல உக்காந்து, இந்தத் தடவை அவங்களை வீட்டுக்கு அனுப்புறேனா இல்லையா, பாருங்க."

பிரதிநிதி அந்த அம்மாளுக்கு மனதுக்குள் ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு, நாணயங்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.