எண்பத்தேழாம் பக்கம்

உலகத்தில் இனி ஒரே ஓர் இடத்தில்தான் துஷாந்த் இருந்தான். அம்பிட்டியவில், ஒரு பெரிய வீட்டில். இன்றோடு அவனை முடித்துவிட வேண்டும் என்று முடிவெடுத்துக்கொண்டுதான் கஜலட்சுமி சேலையைக் கட்டினாள்.

"பல்லு வலிக்குதுங்க. டவுனுக்குப் போய்க் காட்டிட்டு வந்துர்றேன்."

பொய்தான். முப்பது வருடம் மாநகர சபையில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற அவள் கணவர் ராஜலிங்கம், மேசையை விட்டு நிமிரவில்லை.

"வாக்காளர் ஃபாரத்துல தப்ப மறைக்க டிபெக்ஸ் பூசி வெச்சிருக்க. பூசக்கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது? தப்பு மேல ஒத்தக் கோடு. அதுக்கு மேல சரியானது. பக்கத்துல சின்னதா ஒரு கையெழுத்து. யாரு திருத்துனதுன்னு தெரியணும்ல?" என்று படிவத்திலேயே திருத்திக் கையெழுத்துப் போட்டுக் காட்டினார்.

"எழுத்தாளருக்கே பாடமா?"

"எழுத்தாளருங்கிறதாலதான் சொல்றேன்."

குண்டசாலைச் சந்தியில் த்ரீவீலர் பிடித்தாள்.

பதினாறு காதல் நாவல்கள் எழுதியவள். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் யாராவது எழுந்து, "முதல் நாவலை ஏன் மறுபடி அச்சிடவில்லை?" என்று கேட்டுவிடுவார்கள். "அது குறையுள்ள புத்தகம். அதை மறந்துவிடுங்கள்" என்பாள். என்ன அடக்கம் என்று கைதட்டுவார்கள்.

குறை ஒன்றே ஒன்றுதான். எண்பத்தேழாம் பக்கத்தில், மழைக்கு ஒதுங்கிய இடத்தில் நாயகி காதலனின் கையைப் பிடிக்கிறாள். அங்கே யுகேஷ் என்று இருக்க வேண்டிய பெயர், துஷாந்த் என்று அச்சாகியிருந்தது.

அச்சகத்தின்மேல் பழிபோட முடியாது. மூன்று முறை புரூஃப் பார்த்தவள் அவளேதான். எழுதும்போது மனதில் யார் இருந்தானோ, மூன்று முறையும் கண் அவனையே வாசித்துவிட்டுப் போயிருந்தது.

துஷாந்த் கதையில் வந்தவன் அல்ல. ராஜலிங்கத்தின் அலுவலகத்தில் இரண்டு மேசை தள்ளி இருந்தவன். அவளுக்குக் கல்யாணம் பேசுவதற்கு முன்பே ஒரு வார்த்தையும் சொல்லாமல் கனடாவுக்குப் போய்விட்டான். அந்தப் பக்கத்தை ஒருமுறை வாசித்தால் போதும், ராஜலிங்கத்துக்கு எல்லாம் விளங்கிவிடும்.

வெளியீட்டு விழா முடிந்து மூன்றாம் நாள் அந்தப் பிழை கண்ணில் பட்டபோது அவளுக்கு உடம்பே கூசிப்போனது. அன்றிலிருந்து பதினெட்டு வருடமாகப் பிரதிகளைத் தேடி எடுத்து எரித்து வருகிறாள். சொந்தக்காரர் வீட்டில் இரவல் கேட்டாள், திருப்பிக் கொடுக்கவில்லை. நூலகத்துப் பிரதியைத் தொலைத்துவிட்டதாகச் சொல்லித் தண்டம் கட்டினாள். நல்லவேளை, ராஜலிங்கத்துக்குக் கதைப் புத்தகம் என்றாலே கொட்டாவி வரும்.

மிஞ்சியது முதற்பிரதி. மேடையில் அதை வாங்கிக்கொண்டவர் துணிக்கடை முஹைதீன் ஹாஜியார். அவர் காலமாகி வீட்டை ஒதுக்கும்போது, மகள் ரபீகாதான் ஃபோனில் கோல் எடுத்துப் புத்தகம் இருப்பதைச் சொன்னாள்.

"வாங்க மேடம். வாப்பா மேடையில வாங்கின பொஸ்தகம் எல்லாத்தையும் இப்பிடியே ஷோகேஸ்ல வெச்சிருந்தாங்க. ஒண்டையும் பிரிச்சே பாக்கல்ல. கொற நெனக்காதீங்க," என்று அம்பிட்டிய வீட்டில் அதை எடுத்துக் கொடுத்தாள் ரபீகா.

பச்சைத் தாளும் சிவப்பு ரிப்பனும் அப்படியே இருந்தன. ஒட்டிய டேப் மட்டும் மஞ்சளாகியிருந்தது. பார்சலைச் சுற்றியவர் ராஜலிங்கம்தான். அச்சகத்திலிருந்து பெட்டிகள் நேரே மண்டபத்துக்குப் போய்விட்டன. சுற்றுவதற்கென்று விழாவுக்கு முதல் நாளே ஒரு பிரதி மட்டும் வீட்டுக்கு வந்தது. அவள் ஏற்புரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்ததால் அந்த வேலையை அவர் தலையில் கட்டிவிட்டாள்.

யாரும் வாசிக்கவில்லை என்பதில் அவளுக்கு நிம்மதி. எழுதியவள் என்ற முறையில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது. திரும்பும் வழியில், த்ரீவீலருக்குள்ளேயே தாளைக் கிழித்து எண்பத்தேழாம் பக்கத்தைப் புரட்டினாள்.

துஷாந்த் என்ற பெயரின்மேல் ஒற்றைக் கோடு போட்டிருந்தது. அதற்கு மேலே நீல மையில், யுகேஷ். பக்கத்தில் சின்னதாக ஒரு கையெழுத்து.

வாக்காளர் படிவத்தில் காலையில் பார்த்த அதே கையெழுத்து.

வீடு வந்து சேரும்வரை அவள் தலை நிமிரவில்லை. பதினெட்டு வருடம் அவர் முன்னால் சோறு போட்டதும், சிரித்ததும், சிணுங்கியதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து அவளைக் கூனிக்குறுக வைத்தன.

"பல்லு எப்பிடி இருக்கு?" என்றார் ராஜலிங்கம்.

அவள் கிழிந்த தாளோடு புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். பச்சைத் தாளைக் கண்டதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"நீங்கதான் கதைப் பொஸ்தகமே வாசிக்கிறதில்லயே..."

"மத்தவங்க எழுதுனத வாசிக்கிறதில்ல. இத சுத்துறதுக்கு முன்னாடி முழுசா வாசிச்சேன்."

"அப்புறம் ஏங்க எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. தப்புச் செய்துவிட்டு மேலதிகாரி முன் நிற்பவர் போலத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"என் கைக்கு வந்த ஒண்ணத்தான் திருத்த முடிஞ்சுது கஜா. மத்ததெல்லாம் நேரா மண்டபத்துக்குப் போயிருச்சே."