டியூன் ஆகாத காயில்

"போடு," என்றார் மாமா.

போட்டேன்.

காயிலின் உச்சியிலிருந்த அலுமினிய வளையத்திலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு ஊதாப் பொறி எட்டிப் பார்த்தது. சடசடவென்று கொஞ்சம் சத்தம் போட்டது. அவ்வளவுதான்.

"அணை."

அணைத்தேன். இதுதான் என் வேலை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊரே சாப்பிட்டுவிட்டுக் குப்புறக் கிடக்கும்போது, நான் மட்டும் மாமனார் வீட்டுக் கார் ஷெட்டில் ரப்பர் செருப்போடு மெயின் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்த ஷெட்டில் எந்தக் காலத்திலும் கார் இருந்ததில்லை.

மாமா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை போன பிறகு தனிக்கட்டை. மற்றவர்கள் ஓய்வு பெற்றால் செடி வளர்ப்பார்கள். இவர் மின்னல் வளர்க்கிறார்.

பிளாஸ்டிக் குழாயில் தலைமுடி கனத்துக்குச் செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி நட்டு வைத்திருக்கிறார். அது மேல்காயில், அதாவது மேல் கம்பிச்சுருள். அதன் காலடியில் ஏசிக்குப் போடும் செப்புக் குழாயைக் கொசுவர்த்தி மாதிரி வளைத்து வைத்திருக்கிறார். அது கீழ்க்காயில். பழைய கடையின் நியான் விளக்குப் பலகையிலிருந்து கழற்றிய ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்று கரண்ட் கொடுக்கும்; கண்டென்ஸர் அதைச் சேர்த்து வைத்து விடும்.

கரண்ட் ஒயரின் கிளிப்பைக் கீழ்க்காயிலில் எந்தச் சுற்றில் மாட்டுகிறோம் என்பதில்தான் சூட்சுமம் எல்லாம். சரியான சுற்றில் மாட்டினால், ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுகிற மாதிரி, கீழே கொடுப்பதை மேலே உள்ளது வாங்கிக்கொண்டே போகும். பொறி ஒரு கை நீளத்துக்குப் பாயும்; அதைத்தான் மாமா டியூன் ஆவது என்பார். இடம் தப்பினால் விரல் நீளம்தான்.

மழைக்காலம் முழுக்க எங்களுக்கு விரல் நீளம்தான்.

கரண்ட் வேலையில் ஒற்றை ஆளாகக் கை வைக்கக் கூடாது என்பது மாமாவின் சட்டம். முதலில் தன் மகனைத்தான் சுவிட்சுக்குக் கூப்பிட்டார். அவனுக்கு அதற்கெல்லாம் பொறுமை ஏது? மாட்டிக்கொண்டவள் நான். முதல் நாள் முணுமுணுத்துக்கொண்டேதான் நின்றேன். அப்புறம் என்னவோ, ஞாயிற்றுக்கிழமை வந்தால் கால் தானாக இங்கே வர ஆரம்பித்துவிட்டது.

அவன் என்று சொன்னதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வியாழக்கிழமை வரைக்கும் அவர்தான். வியாழக்கிழமை கோர்ட்டில் எங்களுக்கு விவாகரத்து ஆகிவிட்டது.

"அப்பாகிட்ட நீயே சொல்லிடு. உன்கூடத்தான் நல்லாப் பேசுவாரு," என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறிப் போய்விட்டான். மகராசன்.

அவன் போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. அந்த ஒட்டுதல் போய் வெகுநாள் ஆகிறது. இந்த மாமாவையும் சேர்த்து விட வேண்டியிருக்குமே என்பதுதான் கவலை. மருமகள் இல்லையென்று ஆன பிறகு எந்த முகத்தோடு வந்து சுவிட்ச் போடுவது? மாமா என்று கூப்பிடத்தான் முடியுமா?

இத்தனை வாரமாக நான் தனியாகத்தான் வருகிறேன். மாமா ஒரு நாளும் 'எங்கே அவன்' என்று கேட்டதில்லை. காயில் முன்னால் உட்கார்ந்தால் இவருக்கு உலகமே மறந்துவிடும் என்று நினைத்துக்கொள்வேன்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பக்கத்து வீட்டு டெய்லர் மதில் மேல் தலையை நீட்டினார். காயிலைப் போட்டால் அவர் ரேடியோ கரகரக்கும். வழக்கம்போலத் திட்டிவிட்டு இறங்கிப் போனார்.

"மாமா, எங்களுக்கு விவாகரத்து ஆயிடுச்சு," என்றேன். "இனிமே நான் இங்க வர்றது முறையா இருக்காது."

மாமா பழந்துணியில் கையைத் துடைத்தார். கை சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்மா."

யார் சொன்னார்கள் என்று கேட்பதற்குள் எர்த் கம்பியைக் கண்டென்ஸரில் தொட்டு எடுத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்துவிட்டார். கிளிப்பை ஐந்தாவது சுற்றிலிருந்து கழற்றினார். கண்ணாடி போடவில்லை. எண்ணிப் பார்க்கவில்லை. இருட்டில் வீட்டுச் சுவிட்சைத் தடவுகிற மாதிரி கையைக் கொண்டுபோய் எட்டாவது சுற்றில் மாட்டிவிட்டு எழுந்தார்.

"போடு."

போட்டேன்.

அம்மாடி! ஒரு கை நீளத்துக்குப் பாய்ந்தது. கிளை கிளையாகப் பிரிந்து ஷெட்டின் பாதிக் காற்றைப் பிடித்து உலுக்கியது. மூலையில் சாத்தி வைத்திருந்த, எந்த ஒயரிலும் மாட்டாத டியூப்லைட் தானாக எரிந்தது. டெய்லர் வீட்டு ரேடியோ அலறியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அணை."

அணைத்தேன். அப்போதுதான் உறைத்தது. இத்தனை வாரத்தில் எட்டாவது சுற்றில் மாட்டிப் பார்த்ததே இல்லை. ஏழு முடிந்ததும் 'வா, டீ குடிச்சிட்டு வருவோம்' என்பார். திரும்பி வந்து ஒன்பதிலிருந்து ஆரம்பிப்பார். வயசாகிவிட்டது, மறந்துவிடுகிறார், பாவம் என்று நானும் விட்டுவிடுவேன்.

"டியூன் ஆயிடுச்சும்மா," என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டு. "கிளம்பறதுன்னா கிளம்பு."

மெயின் அணைந்திருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்தேன். மரக்கைப்பிடி போட்ட எர்த் கம்பியைத் தொட்டு, கண்டென்ஸரில் மிச்சமிருந்த கரண்டை இறக்கினேன். அதுவும் இவரிடம் நின்று நின்று படிந்த பழக்கம்தான். பிறகு குந்தி உட்கார்ந்து கிளிப்பைக் கழற்றி ஐந்தாவது சுற்றில் மாட்டினேன்.

"எனக்கென்னமோ இன்னும் டியூன் ஆகலன்னு தோணுது, மாமா."

மாமா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். குனிந்து, ஐந்தாவது சுற்றை ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆமா," என்றார். "எனக்கும் அப்பிடித்தான் படுது. அடுத்த வாரம் பாப்போம்."