முடிதிருத்துபவரின் கீல்

நாலாவது காகிதக் கட்டைப் பிரித்ததும் தூசி கிளம்பியது. அவள் அடுக்கடுக்காகத் தும்மினாள்.

"மெதுவாம்மா. அதெல்லாம் எங்க தாத்தாவ விட வயசுல மூத்தது" என்றார் காப்பக ஊழியர்.

அரசுக் காப்பகத்தின் பழைய காப்புரிமை ஆவணங்களை இதுவரை அதிகாரிகள் மட்டும்தான் பார்க்க முடிந்தது. இப்போது யார் வேண்டுமானாலும் வந்து புரட்டலாம். அந்த அறிவிப்பை நம்பித்தான் வந்திருந்தாள்.

நடக்க முடியாதவர்களை மாடிப்படியில் இறக்குவதற்கான மடக்கு நாற்காலிகள் செய்வது அவள் தம்பியின் பிழைப்பு. அந்த நாற்காலியின் கீல் தங்களுடையது என்று ஒரு பெரிய கம்பெனி நோட்டீஸ் அனுப்ப, பட்டறை பூட்டிக் கிடந்தது. அதே கீலை முன்பே யாராவது பதிவு செய்திருந்தால் கம்பெனியின் காப்புரிமை நிற்காது என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

புரட்டிக்கொண்டே வந்த கை நின்றது.

பதிவு செய்தவர் ஒரு முடிதிருத்துபவர். படுக்கையில் கிடப்பவர்களை உட்காரவைத்து, முடிவெட்ட வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கி வர ஒரு நாற்காலி வரைந்திருந்தார்.

கீலின் மேல் விரலை ஓட்டினாள். அதே மடிப்பு. எடை ஏறினால் தானே இறுகும் அதே பூட்டு.

அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தாள். வாரக்கணக்கில் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது மெல்ல இறங்கியது.

அவள் வந்த காரணத்தைக் காலையிலேயே கேட்டிருந்த ஊழியர் எட்டிப் பார்த்தார். அவருக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"பாவம், கம்பெனியில இதக் கண்டுபிடிச்ச ஆளு. இது புதுசே இல்லன்னு தெரிஞ்சா மூஞ்சி எப்படி இருக்கும்?"

"இப்படித்தான் இருக்கும். நல்லாப் பாத்துக்கோங்க" என்று கண்ணைத் துடைத்தபடி சிரித்தாள்.

அந்தக் கம்பெனியில் சம்பளத்துக்கு இருந்தபோது அவள் வரைந்த கீல் அது. உரிமை கம்பெனிக்கு, கண்டுபிடித்தவர் என்ற பெயர் மட்டும் அவளுக்கு. நோட்டீஸில் அந்தப் பெயரைப் படித்த பிறகு தம்பி அவளை அக்கா என்று கூப்பிடவில்லை.

நகலைத் தபாலில் அனுப்பட்டுமா என்று கேட்டார் ஊழியர்.

வேண்டாம், கையிலேயே கொண்டுபோகிறேன் என்றாள்.