கப்பல் ஆடிய ஆட்டம்

லூதர் அடித்த பந்து குழியைத் தாண்டி, பச்சைக் கம்பளத்தையும் தாண்டி, ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த ஒரு அம்மாளின் செருப்பில் முட்டி நின்றது.

“காத்து,” என்றார் லூதர்.

கப்பலின் மேல்தளத்து மினி கோல்ஃப் திடலில் காற்றுக்குக் குறைவில்லைதான். ஆனால் அது காலையிலிருந்து பந்தைக் குழியைத் தாண்ட விடாமல் பின்னுக்கே தள்ளிக்கொண்டிருந்தது.

அடுத்து வெண்டெல். குழி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் அடித்த பந்து பிளாஸ்டிக் கலங்கரை விளக்கத்தில் மோதி அவர் காலடிக்கே திரும்பி வந்தது.

வரிசையில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

வெண்டெல் என்னைப் பெற்றவர். எனக்கு ஏழு வயதாகும்போது வீட்டை விட்டுப் போனவர். ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் வேலை. வேலை முடிந்தால் அங்கேயே ஆடவும் செய்வார்.

லூதர் அதன்பிறகு அம்மாவைக் கட்டிக்கொண்டவர். எங்கள் ஊர் மினி கோல்ஃபில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு ஆட யாரும் முன்வருவதில்லை. ஆடினால் எதிராளிக்குத் தோல்விதான்.

மறுநாள் மாலை அதே கப்பலில் எனக்குக் கல்யாணம். மணப்பெண்ணை அப்பாதான் கையைப் பிடித்து மேடைவரை அழைத்துப் போக வேண்டும்; என்னை அழைத்துப் போவது யார்? மயாமியில் கப்பல் ஏறிய பிறகும் என்னால் சொல்ல முடியவில்லை. ஒருவரைச் சொன்னால் இன்னொருவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

காலைச் சாப்பாட்டில் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“மேல போய் ஆடித் தீத்துக்கோங்க. ஜெயிக்கிறவர் கூட்டிட்டுப் போகட்டும்.”

இருவரும் சரி என்றார்கள். கொஞ்சம் வேகமாகவே.

கடைசிக் குழிவரை சமம். சமமான மோசம். இனி யார் பந்து முதலில் உள்ளே விழுகிறதோ அவருக்கு வெற்றி. வெளியே ஓடிய பந்தை லூதர் எடுத்து வந்து, குழிக்குப் பக்கத்தில் கம்பள ஓரத்தில் வைத்திருந்தார்.

லூதர் தவறவிடும்போதெல்லாம் அடுத்ததாவது விழட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

“நீங்களே அடிங்க. கிட்டத்தான இருக்கு,” என்றார் லூதர்.

“உங்களுதும் கிட்டத்தான் இருக்கு,” என்றார் வெண்டெல்.

“யாராவது ஒருத்தர் அடிங்கப்பா. கப்பல் கரைக்கே போயிடும்போல,” என்றது வரிசை.

லூதர் வேறு வழியில்லாமல் குனிந்தார். பந்தைத் தொட்டும் தொடாமலும் தட்டினார். அது குழிக்கு ஒரு சாண் இப்பால் சோம்பலாக நின்றது. அவர் நிம்மதியாக நிமிர்ந்தார்.

அப்போது ஒரு பெரிய அலை கப்பலைத் தூக்கி இறக்கியது. தளம் சற்றே சாய்ந்தது. நின்ற பந்து மறுபடி நகர்ந்தது. உருண்டது. குழிக்குள் விழுந்தது.

வரிசை கைதட்டியது.

தோற்றுப்போன வெண்டெல் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு குதித்தார். ஜெயித்த லூதரின் முகம் தொங்கிப்போனது.

“இது செல்லாது. கப்பல் ஆடிடுச்சு.”

“கப்பல்னா ஆடத்தான் செய்யும். செல்லும்.”

“இல்ல வெண்டெல், மறுபடி அடிக்கலாம். அவ பிறந்தப்ப முதல்ல தூக்கினது நீங்கதானே.”

“அதுக்கப்புறம் தூக்கினதெல்லாம் நீங்கதானய்யா.”

என் பக்கத்தில் நின்ற அம்மா ஐஸ்கிரீம் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

லூதர் கேட்பதாக இல்லை. மண்டியிட்டுக் குழிக்குள் கையை விட்டுப் பந்தை எடுத்தார். பழைய இடத்தில் வைக்கப் போனார்.

“அப்பா, போதும்,” என்றேன்.

வெண்டெல் திரும்பிப் பார்த்தார்.

லூதர் திரும்பவில்லை. இத்தனை வருடமும் நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறேன். அவர் பாட்டுக்குப் பந்து இருந்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

வெண்டெல் என் கண்கள் போன இடத்தைப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்து, தன் கையிலிருந்த மட்டையால் லூதரின் தோளில் தட்டினார்.

“உங்களத்தான் கூப்பிடுறா.”